முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்த தம்பி, "அண்ணே, இந்த வருஷ மலருக்கு நீங்க ஒரு வரலாற்றுக் கட்டுரை தரணும். ஆனா கல்லூரி வரலாறு வேண்டாம். அதை ஏற்கெனவே மூணு பேர் எழுதிட்டாங்க" என்றார். "எந்த வரலாறுதாம்ப்பா எழுதறது?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு பொருளோட வரலாறு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த பொருள் களிமண். அதைப் பற்றி இந்த மலரைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. ஆகவே, களிமண் வழியாக நான் போய்ச் சேர்ந்த இன்னொரு விஷயத்தை எழுதுகிறேன். கார்களில் சாமான் வைக்கும் இடத்தின் வரலாறு அது. குறிப்பாக, எஞ்சினை நடுவில் வைத்த விளையாட்டுக் கார்களில் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி என்று இரண்டு இடம் எப்படி வந்தது, எதில் எதை வைக்க வேண்டும் என்பது. "விருத்தாசலத்துக்காரனுக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்பீர்கள். கடைசிவரை படியுங்கள். இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

1988-ஆம் வருடம். அப்போது நம்முடையது தென்னாற்காடு மாவட்டம். கடலூர், விழுப்புரம் என்று பிரித்தது 1993-ல்தான். கடைசி வருடக் கண்காட்சிக்காக நானும் என் வகுப்புத் தோழனும் இரண்டு அடுக்கு விளக்குகள் செய்தோம். ஒவ்வொன்றும் ஐந்து அடுக்கு. கல்லூரிப் பட்டறையில் இடம் கிடைக்காததால் கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துச் செய்தோம். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, வடிகட்டி, ஊர்க் குயவர் ஒருவரின் சக்கரத்தில் அடுக்குகளைத் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். விளக்குகள் பாதி காய்ந்த பதத்தில் இருந்தன. அன்று மாலைக்குள் கல்லூரியில் சேர்த்துவிட்டால், நிழலில் நிதானமாகக் காயவைத்து அடுத்த சூளையில் ஏற்றிவிடலாம் என்பது கணக்கு.

பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. அந்தக் காலத்துப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி ஒன்று மேடை மாதிரி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதன்மேல் பை வைப்பார்கள், பால் கேன் வைப்பார்கள், இடம் இல்லாவிட்டால் பிள்ளையை உட்கார வைப்பார்கள், பிள்ளை "சுடுதும்மா" என்று அழும். கூட்டத்தில் விளக்கு நொறுங்கிவிடும் என்று பயந்து, ஊரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கேட்டோம். எங்கள் இருவரையும் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "வாங்க தம்பி, நம்ம பசங்க படிப்பு விஷயம்" என்று உடனே வந்தார்.

வைக்கோல் பரப்பிய இரண்டு மரப்பெட்டிகள், பெட்டிக்கு ஒரு விளக்கு. ஒரு பெட்டியை முன்னால், அண்ணனின் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். மற்றதைப் பின் இருக்கையின் சாய்மானத்துக்குப் பின்னால் உள்ள சாமான் இடத்தில் வைத்தோம். அன்று சந்தைக் கூட்டம். வழியெல்லாம் நின்று நின்று போனோம். ஆனால் எஞ்சினை நிறுத்தவில்லை. ரோட்டில் குழிகளுக்கும் குறைவில்லை.

கல்லூரி வாசலில் இறக்கிப் பார்த்தோம். முன் பெட்டியில் இருந்த விளக்கு போட்டது போட்டபடி இருந்தது. பின் பெட்டியில் இருந்ததில் அடியடுக்கிலிருந்து மூன்றாவது அடுக்கு வரை ஒரு நீண்ட விரிசல். என் தோழன் அங்கேயே கத்திவிட்டான்: "குழி பார்த்து ஓட்டக் கூடாதா அண்ணே? ஒரு மாச வேலை போச்சு!" நானும் சேர்ந்துகொண்டேன். அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாடகையும் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து, "மண்ணு வாங்கிக்கிடுங்க தம்பி" என்று என் கையில் திணித்தார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். அதுதான் கடன். இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

நாம் கார்களின் பின்பெட்டியை "டிக்கி" என்கிறோம். பழைய வண்டிகளிலும் கார்களிலும் பின்புறம் மடித்துத் திறக்கிற ஒரு சின்ன இருக்கை இருந்தது. அதன் பெயர்தான் டிக்கி. இருக்கை போனது, பெயர் நம்மூரில் பெட்டிக்கு நின்றது. "ஸ்டெப்னி" என்பதும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் இரண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் நம் ஊர் மெக்கானிக் ஷெட் வரை வந்துவிட்டது.

அம்பாசடர், பியட் மாதிரி கார்களில் கணக்கு சுலபம். எஞ்சின் முன்னால், ஆள் நடுவில், சாமான் பின்னால். எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனால் சாமான் முன்னால் வர வேண்டும். 1938-ல் உருவம் முடிவான வோக்ஸ்வாகன் பீட்டிலில் அப்படித்தான் செய்தார்கள். முன் மூடியைத் திறந்தால் பெட்ரோல் டாங்கி, ஸ்டெப்னி, மீதி இடத்தில் பை. அது போதாது என்று பின் இருக்கைக்குப் பின்னாலும் ஒரு குழிவான இடம் விட்டார்கள். அதற்குப் பின்னால் எஞ்சின். நம் ஆட்டோவின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். நம் நாட்டில் பழைய ஆட்டோக்களில் எஞ்சின் முன்னால், டிரைவர் பக்கம் இருந்தது. பஜாஜ் நிறுவனம் பின்-எஞ்சின் ஆட்டோவைக் கொண்டுவந்தது 1977-ல். பிறகு இருக்கையின் சாய்மானத்துக்குப் பின்னால், எஞ்சினுக்கு மேலே, நம் மூட்டை முடிச்சுக்கு இடம் வந்தது.

எஞ்சினை முன்னாலும் வைக்காமல், பின் அச்சுக்கும் பின்னால் தள்ளாமல், ஆளுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வைப்பது மூன்றாவது வகை. இது பந்தயக் கார்களில் இருந்து வந்தது. 1934-லேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் அப்படி ஓடின. ஆனால் உலகம் முழுக்க இது பரவக் காரணமாக இருந்தது இங்கிலாந்தின் கூப்பர் என்ற சிறிய கம்பெனி. 1958-ல் அர்ஜென்டினாவில் ஸ்டெர்லிங் மாஸ் கூப்பரில் ஜெயித்தார். 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிரபாம் அதே கம்பெனிக் காரில் உலகப் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன்-எஞ்சின் காருக்கு எதிர்காலம் இல்லாமல் போயிற்று. 1965-ல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தையும் ஜெயித்தபோது அமெரிக்காவிலும் கதை முடிந்தது.

இதில் என்ன ரகசியம்? நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் குடம் தொங்கவிட்டுத் தண்ணீர் சுமப்பவரைப் பாருங்கள். நேராக நடக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டென்று திரும்பச் சொல்லுங்கள்! கழி ஒரு பக்கம் இழுக்கும், திரும்பத் தொடங்கினால் நிற்காது. அதே இரண்டு குடத்தையும் உடம்போடு அணைத்துக்கொண்டவர் பம்பரம் மாதிரி திரும்பலாம். பாரம் ஒன்றுதான்; எங்கே இருக்கிறது என்பதுதான் வேறு. காரில் மிகப்பெரிய பாரம் எஞ்சின். அது நடுவில் இருந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும்.

பந்தயக் காருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களுக்கோ, 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கோ போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஃபார்முலா கார்களில் டிரைவர் உட்காரவே இடம் இருக்காது, இதில் சாமானுக்கு எங்கே போவது! நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர் ஆனபோது, அவர் கையில் இருந்ததும் எஞ்சின் நடுவில் இருந்த கார்தான். ஆனால் அதே காரை ஒருவர் ரோட்டில் ஓட்ட வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்றால் முதல் கேள்வி: "பையை எங்கே வைக்கிறது?"

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். போர்ஷே என்ற பெயரில் வந்த முதல் கார், 356 முதல் எண் வண்டி, 1948-ல் ஆஸ்திரியாவில் குமுண்ட் என்ற சின்ன ஊரில் செய்யப்பட்டது. அதில் எஞ்சின் நடுவில்தான் இருந்தது. ஆனால் விற்பனைக்கென்று செய்யத் தொடங்கியபோது எஞ்சினைப் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அப்படிச் செய்தால்தான் இருக்கைக்குப் பின்னால் பை வைக்கவும், குழந்தைகள் உட்காரவும் இடம் கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற போர்ஷே கார்களின் பின்-எஞ்சின் அமைப்பு நிலைத்ததில் இந்த இடத் தேவைக்கு முக்கியப் பங்கு உண்டு. பந்தயத்துக்கு நல்லது ஒன்று, வாழ்க்கைக்கு வேண்டியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அன்று பை ஜெயித்தது.

1966-ல் லம்போர்கினி மியூரா வந்தது. எஞ்சின் நடுவில், அதுவும் பன்னிரண்டு சிலிண்டர். முன் மூடிக்குள் ரேடியேட்டரும் ஸ்டெப்னியும் போக ஒன்றும் மிச்சமில்லை. காரின் வாலில், எஞ்சினுக்குப் பின்னால், ஒரு சின்னப் பெட்டி. அழகுக்கு அழகு, ஆனால் ஒரு வார ஊர்ப் பயணத்துக்கு ஆகாது.

இரண்டு முனையையும் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். 1969-ல் வோக்ஸ்வாகனும் போர்ஷேயும் சேர்ந்து கொண்டுவந்த 914 காரில் முன்னால் ஒரு நிஜமான டிக்கி, பின்னால் ஒரு நிஜமான டிக்கி. மேற்கூரைப் பலகையைக் கழற்றினால் பின் டிக்கியில் வைத்துப் பூட்டலாம். 1976 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1972-ல் இத்தாலியின் பியட் எக்ஸ் 1/9 வந்தது. அதில் கூரைப் பலகை முன் டிக்கிக்குள் போகும், ஸ்டெப்னி இருக்கைக்குப் பின்னால் நிற்கும், பை பின் டிக்கியில். 1984-ல் டொயோட்டா எம்.ஆர்.2. 1996-ல் போர்ஷே பாக்ஸ்டர், மறுபடியும் இரண்டு டிக்கியோடு. 2012-ல் வந்த பாக்ஸ்டரில் முன்னால் 150 லிட்டர், பின்னால் 130 லிட்டர். போர்ஷே 1948-ல் விட்டுக்கொடுத்ததை இப்படித் திரும்பப் பிடித்தது.

அமெரிக்காவின் கார்வெட் 1953-லிருந்து முன்-எஞ்சின் கார். 2019-ல்தான் அதன் எட்டாம் தலைமுறையில் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு டிக்கியும் சேர்ந்து 12.6 கன அடி, அதாவது சுமார் 357 லிட்டர். பின் டிக்கியில் இரண்டு கோல்ஃப் பைகள் வைக்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வாங்குகிறவர்கள் யார் என்று தெரிந்தவர்கள்! நம் நாட்டிலும் திலீப் சாப்ரியாவின் டி.சி. அவந்தி 2012 டெல்லி கண்காட்சியில் எஞ்சினை நடுவில் வைத்து வந்தது.

இனி, எதில் எதை வைப்பது என்ற விஷயம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர். 2011-ல் சூளைப் பயிற்சிக்காக நான் வேலை பார்த்த தொழிற்சாலை என்னை அங்கே அனுப்பியது. கூட வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் ஒரு பழைய 914 வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுட்கார்ட்டில் உள்ள போர்ஷே அருங்காட்சியகத்துக்கு அதில் அழைத்துப் போனார். வழியில் ரொட்டி, வெண்ணெய், பழம் வாங்கினோம். நான் உதவியாக இருக்கட்டும் என்று பையைப் பின் டிக்கியில் வைக்கப் போனேன். அவர் அவசரமாக வந்து வாங்கி முன் டிக்கியில் வைத்தார். "பின்னால் வைத்தால் வெண்ணெய் எண்ணெய் ஆகிவிடும். அடியில் சைலன்சர் இருக்கிறது" என்றார். ஓட்டி முடித்துப் பின் டிக்கித் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இல்லை, சுட்டது.

நண்பர்களே, நம் துறைக்காரர்களுக்கு அந்தச் சூட்டில் பங்கு உண்டு. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பது பீங்கான்; கார்டியரைட் என்று நாம் படித்த அதே சரக்கு. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் இருந்து பரவியது. நம் நாட்டில் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. அது வேலை செய்யும்போது நூற்றுக்கணக்கான டிகிரி சூடு. எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் இதற்குப் பக்கத்திலேயேதான் பின் டிக்கி வருகிறது. தடுப்பு வைத்துத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நீண்ட பயணத்தில் சூடு ஏறும்.

ஆகவே அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் பின்பற்றும் முறை இதுதான். உருகுகிற, கெடுகிற சாமான்களான சாக்லேட், மருந்து, பழம், மெழுகுவர்த்தி எல்லாம் முன் டிக்கியில். சூட்டுக்கு அஞ்சாத துணி, செருப்பு, கூடாரம் போன்றவை பின் டிக்கியில். கெட்டியான சூட்கேஸ் இரண்டிலும் சிரமம். இடம் கோணல்மாணலாக இருப்பதால் மெத்தென்ற பைதான் வசதி. கனமான பொருளை மூலைக்குத் தள்ளாமல் காரின் நடுவுக்கு நெருக்கமாக, தாழ்வாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூங்கில் கழிக் கதைதான். எஞ்சின் நடுவில் உள்ள கார்களில் பொதுவாகப் பின் சக்கரங்கள்மேல் பாரம் அதிகம். நான் சொன்ன கார்வெட்டில் சுமார் 40-க்கு 60. அதனால் ஓரளவு கனத்தை முன்னால் வைப்பதில் தவறில்லை. ஆனால் முன் டிக்கியின் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஓடும்போது திறந்தால் கண்ணாடியை மறைத்துவிடும். அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்குப் பிறகு செய்யும் கார் டிக்கிகளில், உள்ளே மாட்டிக்கொண்டவர் இழுத்துத் திறக்க ஒரு பிடி இருக்க வேண்டும் என்று சட்டம். குழந்தைகள் விளையாட்டாக உள்ளே போய் இறந்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது.

நம் டாட்டா நானோவும் இந்தக் குடும்பத்து உறவுதான். 2008-ல் காட்டினார்கள். 624 சி.சி. எஞ்சின் பின் இருக்கைக்கு அடியில். முன் மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி. பை வைக்க இடம் கிடையாது. பின்னால் சின்ன இடம், ஆனால் வெளியிலிருந்து திறக்கக் கதவு இல்லை. இருக்கையை மடித்து உள்பக்கமாகத்தான் வைக்க வேண்டும். திறக்கிற பின் கதவு 2015-ல்தான் வந்தது. விலை குறைய வேண்டும் என்பதற்காக விட்ட ஒரு கதவு, ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது மின்சாரக் கார்களில் முன் டிக்கி திரும்பி வருகிறது. எஞ்சின் இல்லை, மோட்டார் பின் அச்சில், முன்னால் இடம் காலி. மகிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய எக்ஸ்.இ.வி. 9இ காரில் முன்னால் 150 லிட்டர், பி.இ. 6 காரில் 45 லிட்டர். பந்தயக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்த இடம் காய்கறி வாங்கப் போகிறவருக்கு வந்துவிட்டது.

சரி, கடனுக்கு வருகிறேன்.

அந்த ஜெர்மன் ஞாயிற்றுக்கிழமை, சுடுகிற டிக்கித் தரையில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கம்மாபுரத்து ஆட்டோ ஞாபகம் வந்தது. இரண்டு பெட்டி. ஒரே வண்டி. ஒரே ரோடு. ஒரே குழி. முன் பெட்டியும் அதே குழிகளில்தான் விழுந்து எழுந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழிதான் காரணம் என்றால் இரண்டும் அல்லவா விரிந்திருக்க வேண்டும்?

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பின் பெட்டி எஞ்சினுக்கு மேலே இருந்தது. நடுவில் ஒரு மெல்லிய தகடு. சந்தைக் கூட்டத்தில் நின்று நின்று போனதில் வண்டி ஓட்டத்தின் காற்றும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கம் சூடேறி, விளக்கின் அடியடுக்கு வேகமாகக் காய்ந்தது. மேலடுக்குகள் ஈரமாகவே இருந்தன. களிமண் காயும்போது சுருங்கும்; ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் சுருங்காவிட்டால் இழுவிசை வந்து விரியும். இது முதல் வருடம் முதல் மாதம் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். பரீட்சையில் அதை எழுதி நான் நல்ல மார்க் வாங்கியவன். விரிசல் அடியடுக்கில் தொடங்கி மேலே போனதையும் கண்ணால் பார்த்தவன். அப்படியும் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். பாடம் நோட்டில் இருந்தது, ஆட்டோவுக்குள் வரவில்லை.

பெட்டியை அங்கே வைத்தது யார்? நாங்கள். அண்ணன் கயிறு மட்டும்தான் பிடித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று வருடங்கள் போயின. போன பொங்கலுக்குக் கம்மாபுரம் போனபோதுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகன் இருந்தார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் வந்த விஷயத்தை, விளக்கு விரிந்ததையும் அது ஏன் விரிந்தது என்பதையும், ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்பா சொல்லியிருக்காருங்க. அந்த நாள்லேர்ந்து கண்ணாடிச் சாமான், மண்ணுச் சாமான் எதையும் அவர் ஏத்தவே மாட்டார். ஏன்ப்பான்னு கேட்டா, 'நமக்கு வண்டி பதமா ஓட்ட வரலடா, படிச்ச பசங்களே சொல்லிட்டாங்க'ம்பார்."

அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபமாக இல்லை. இருபது, முப்பது வருடம் ஒருவர் தன் தொழிலைப் பற்றித் தானே தாழ்வாக நினைத்திருக்கிறார். காரணம், இரண்டு மாணவர்கள் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பத்து ரூபாயை இன்றைய கணக்கில் திருப்பித் தர நினைத்தேன். மகன் வாங்கவில்லை. "அப்பா தப்பு இல்லைன்னு அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க, அது போதும்" என்றார். உள்ளே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். காது சரியாகக் கேட்காததால் இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கிளம்பும்போது வாசலில் மகனின் புது ஆட்டோ நின்றது. பாட்டரி வண்டி. பின் சாமான் இடத்தைத் தட்டிக் காட்டி, "இப்ப இங்க என்ன வேணா வைக்கலாம் சார், எஞ்சின் சூடு கிடையாது" என்று சிரித்தார். மறுநாள் விருத்தாசலத்துக்கு அதில்தான் வந்தேன். மடியில் பை, கையில் ஒன்றும் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கண்காட்சி வரும்போது ஏதாவது உடையும். உடையாமல் யாரும் இந்தத் தொழிலைக் கற்றதில்லை. உடைந்தால், ஏற்றி வந்தவரைத் திட்டுவதற்கு முன்னால், உடையாமல் வந்த பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அது எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

சங்கமத்துக்கு வரும் பழைய நண்பர்கள் எல்லாரையும் நேரில் பார்க்க ஆசை. என் தோழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கம்மாபுரம் வழியாக அவனை அழைத்துக்கொண்டு வர உத்தேசம். அவனும் ஒரு தடவை அந்த வீட்டு வாசலில் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.